நாம எந்தப் பொட்டி?

போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் 'ட்ரெயின் டு பூசான்' என்ற கொரியப் படத்தைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், நாலு விஷயம் படித்தவர். "சுயநலத்துக்கும் வீரத்துக்கும் நடக்கிற சண்டைதான் இந்தப் படம். ஆபத்து வரும்போதுதான் மனுசன் யாருன்னு தெரியும். இதிலிருந்து நம் இளைஞர்கள் பாடம் கத்துக்கணும்" என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பஸ் ஏறி பொதட்டூர்பேட்டை வந்து இறங்குகிற வரைக்கும் அந்தக் கைதட்டு எனக்கே உறுத்திக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு ஜாம்பி படத்துக்குப் போய் இவ்வளவு வாதமா என்று கேட்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

அந்தப் படத்தை நான் பார்த்தது தியேட்டரில் இல்லை. எங்கள் பக்கத்தில் ராத்திரியெல்லாம் விசைத்தறி ஓடும். அக்கா தார் சுற்றுகிறவள். அக்கா மகன் தறி ஓட்டுகிறவன். கரண்டு போய் தறி நின்றிருந்த ஒரு ராத்திரி, செட்டுக்கு வெளியே திண்ணையில் அவன் செல்போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிப் படத்தில் அவன் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்: "மாமா, இதுல நாம எந்தப் பொட்டி?"

கூட்டத்தில் பேசிய நண்பருக்கு இந்தக் கேள்வி வரவில்லை. எனக்கும் தானாக வரவில்லை. இருபது வயதுப் பையனுக்கு வந்தது. 

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோன் சாங்-ஹோ இயக்கி 2016-ல் வந்த படம். சியோல் நகரத்திலிருந்து பூசானுக்கு ஒரு அதிவேக ரயில் கிளம்புகிறது. நோய் தொற்றிய ஒரு பெண் கடைசி நிமிடத்தில் ஏறிவிடுகிறாள். அவள் கடித்தவர்கள் எல்லாம் பிணமாகி எழுந்து மற்றவர்களைக் கடிக்கிறார்கள். பெட்டி பெட்டியாகப் பரவுகிறது. பங்குச் சந்தைப் பணத்தை நிர்வகிக்கிற ஒருவன், அவனுடைய சின்ன மகள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அவளுடைய முரட்டுப் புருஷன், ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் விளையாட்டுக்காரன், கூடப் பிறந்த இரண்டு கிழவிகள், கக்கூசில் ஒளிந்து வந்த வீடற்ற ஒரு மனிதன், பஸ் கம்பெனி மேலதிகாரி ஒருவன். இவர்கள்தான் ஆட்கள். மேலதிகாரிதான் சுயநலம். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன்தான் வீரம். பங்குக்காரன் சுயநலத்தில் தொடங்கி வீரத்தில் முடிகிறான், மகளுக்காகச் செத்துப்போகிறான். நண்பர் சொன்ன கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கில்தான் மோசடி இருக்கிறது என்கிறேன்.

படத்தின் நடுவில் ஒரு காட்சி. பிணங்கள் நிறைந்த பெட்டிகளைத் தாண்டி, செத்துப் பிழைத்து, ஒரு கூட்டம் 15-ஆம் பெட்டிக்கு வந்து சேர்கிறது. உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்கவில்லை. அந்தத் தாமதத்தில் முரட்டுப் புருஷன் சாகிறான், இரண்டு கிழவிகளில் ஒருத்தி சாகிறாள். கதவை உடைத்து மிச்சம் பேர் உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது? "இவங்களுக்குத் தொற்று இருக்கும், இவங்க நம்மகூட இருக்கக் கூடாது" என்கிறான் மேலதிகாரி. ஒருத்தருக்கும் கடி இல்லை. ஆனாலும் மொத்தப் பெட்டியும் "போ, போ" என்று கத்துகிறது. பெட்டிக்கு வெளியே, கக்கூஸ் பக்கத்து இடைவழியில் அவர்களைத் தள்ளி, கதவைக் கட்டிவிடுகிறார்கள்.

பையன் படத்தை நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

தோழர்களே, இந்தக் காட்சியைப் பார்த்து 'சுயநலம்' என்ற வார்த்தையை எடுக்க நம்மால் எப்படி முடிகிறது? சுயநலம் என்பது ஒரு ஆளுக்கு இருப்பது. தனக்கு ஒரு சோற்றுருண்டை கூட வேண்டும் என்பது சுயநலம். இங்கே ஒரு பெட்டி முழுக்க இருக்கிற, ஒருத்தரையொருத்தர் அறியாத ஜனங்கள், இரண்டு நிமிடத்தில் ஒரே சாதியாகிறார்கள். வெளியே நிற்பவன் தீட்டு என்று ஒருவன் சொன்னதும் மற்றவன் அத்தாட்சி கேட்கவில்லை. துணியைச் சுருட்டிக் கதவைக் கட்டுகிற கைகள் யாருடையவை? மேலதிகாரி ஒருத்தன் கை மட்டுமா? அங்கே கட்டிய மற்றவர்களைப் படம் மறந்துவிடுகிறது. பழி முழுவதும் கோட் போட்ட அந்த ஒருத்தன் தலையில் விழுகிறது. நாமும் அவனைத் திட்டிவிட்டு, நாம் அவனில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

கெட்டவன் ஒருத்தன் இருந்தான், அவன் மனசு திருந்தினால் சரியாகிவிடும் என்பது நமக்கு ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிற கதையாடல். தீண்டாமை பாவம் என்று சுவரில் எழுதி வைத்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவன் தனியாளாகக் கெட்டவனா? அவன் நம்மிடம் சிரித்துப் பேசுகிறவன். "நான் என்னப்பா செய்யறது, ஊருல ஒத்துக்க மாட்டாங்க" என்பான். பொய்யில்லை, ஊர் ஒத்துக்கொள்ளாதுதான். ஊர் என்பதே ஒரு 15-ஆம் பெட்டி.

ரயிலும் குழந்தையும் என்றதும் எனக்கு அம்பேத்கர் எழுதியது ஞாபகம் வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூலில் முதல் சம்பவமே ரயில் பயணம்தான். 1901-ஆம் வருஷம். அவருக்கு ஒன்பது வயதுபோல. சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் மசூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார். நல்ல உடுப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாக விசாரிக்கிறார். மகர் சாதி என்று பிள்ளைகள் சொன்னதும் முகம் மாறுகிறது, தன் அறைக்குப் போய்விடுகிறார். வெளியே வண்டிகள் நிற்கின்றன, ஒருத்தனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருத்தன் சம்மதிக்கிறான். அதுவும் எப்படி? பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான். ராத்திரி முழுக்கக் கட்டுச்சோறு கையில் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சுயநலவாதியா? அவருக்கு என்ன லாபம்? வண்டிக்காரனுக்காவது இரட்டை வாடகை. அவருக்குக் காலணா கிடையாது. உயிர் பயமும் கிடையாது. பிள்ளைகள் அவரைக் கடிக்கப் போவதில்லை. ஆனாலும் விலகிப் போனார். படத்தில் கதவைக் கட்டியவர்களுக்காவது உயிர் பயம் என்ற சாக்கு இருந்தது. மசூரில் என்ன சாக்கு? கதவைச் சாத்துகிறவனுக்குச் சில நேரம் நஷ்டம்கூட வரும், அப்போதும் சாத்துவான். சுயநலம் எதிர் வீரம் என்ற தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

"நீங்க எல்லாத்துலயும் சாதியைக் கொண்டாந்து நுழைக்கிறீங்க" என்பார்கள். நான் நுழைக்கவில்லை. 2020-ல் ஜாம்பி இல்லாமலே அந்தப் படம் நம் ஊரில் ஓடியது, எல்லோரும்தான் பார்த்தோம்.

அந்த ஏப்ரல் மாதம் வேலூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையில், குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும் பொன்னை பக்கமும் நடுரோட்டில் ஹாலோபிளாக் கல் வைத்துச் சுவரே கட்டினார்கள். அதிகாரிகள் கட்டிய சுவர். ஜனங்கள் கேள்வி கேட்டதும் சில நாளில் இடித்தார்கள். எல்லை என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கதை உண்டு. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி பகுதி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்காகச் சிறை போனவர்கள் உண்டு. எல்லைக்கோடு நகர்ந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற கோட்டை எந்த எல்லைப் போராட்டமும் ஒரு முழம் நகர்த்தவில்லை.

அதே ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தார். உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லால் அடித்தது, ஆம்புலன்சை உடைத்தது. கூட இருந்த மருத்துவர் பிரதீப் குமார் ராத்திரியில் திரும்பப் போய், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இரண்டு பேர் துணையோடு தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். நாடே பதறியது. பதற வேண்டியதுதான், எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று தமிழக அரசு அந்த மாதத்துக்குள்ளேயே அவசரச் சட்டம் போட்டது.

அதற்கு எட்டு மாதம் முன்னால், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் பிணத்தைக் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து சுமார் 20 அடி கீழே இறக்கினார்கள். சாதி இந்துக்களின் நிலத்து வழியாகச் சுடுகாட்டுக்குப் போக விடவில்லை. கொள்ளைநோய் எதுவும் இல்லாத வருஷம். அந்தக் காட்சி வீடியோவாக வந்ததால் வெளியே தெரிந்தது, உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. வீடியோ எடுக்காத பாலங்கள் எத்தனை? அவற்றுக்கு எந்த ராத்திரியில் அவசரச் சட்டம் வந்தது? ஒரு மருத்துவருக்கு ஒரு நாள் நடந்த கொடுமை நமக்குத் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழக்கம். 

இனி வீரத்துக்கு வருகிறேன். நண்பர் கண் கலங்கிச் சொன்னது இதைத்தான். படத்தில் வீரம் யாரிடம் கேட்கப்படுகிறது என்று கவனித்தீர்களா? கக்கூசில் ஒளிந்து வந்த அந்த வீடற்ற மனிதன் படம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கிறான். தொடக்கத்தில் மேலதிகாரி அவனைக் காட்டி, படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் ஆவாய் என்று சின்னப் பெண்ணிடம் சொல்கிறான். அப்படிச் சொல்கிறவர்கள்தான் கெட்டவர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என அந்தப் பெண் பதில் கொடுக்கிறாள். நல்ல இடம். ஆனால் கடைசியில் என்ன ஆகிறது? அந்தப் பெண்ணும் பிள்ளைத்தாய்ச்சியும் தப்புவதற்காக, அவன்தான் பிணங்களை மறித்து நின்று சாகிறான். அவனுக்குப் பேரே கிடையாது. டிக்கெட்டும் இல்லை, இருக்கையும் இல்லை, பேரும் இல்லை. சாவதற்கு மட்டும் உரிமை. செத்த பிறகு அவன் நல்லவன்.

இந்த வீரத்தை நாங்கள் பார்த்துச் சலித்துவிட்டோம். 2020 மார்ச் 22 சாயங்காலம் தட்டைத் தட்டினார்கள், கை தட்டினார்கள். துப்புரவுத் தொழிலாளிகளின் கழுத்தில் மாலை போட்டார்கள், காலில் பூப் போட்டார்கள். அந்த மாதம்தான் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. முன்களப் போராளி, வீரர், தெய்வம் என்று எல்லாப் பட்டமும் வந்தது. 2025 ஆகஸ்ட் 1-லிருந்து அதே சென்னையில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். அதிகம் பேர் பெண்கள். 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. வீரர்கள் இப்போது நடைபாதை ஆக்கிரமிப்பாளர்கள். சாகத் துணிந்தால் வீரம், சம்பளம் கேட்டால் இடைஞ்சல். கைதட்டியவர்கள் அந்த ராத்திரி எங்கே போனார்கள்?

அதனால்தான் வீரத்தைப் புகழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. யாருடைய வீரம், யாருக்காக, செத்த பிறகு அவன் வீட்டுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜாம்பி என்கிற இந்த நடைபிணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடுவோம். அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்றுதான் நம் பையன்கள் நினைக்கிறார்கள். அது ஹைத்தியில் அடிமைகளின் பிள்ளைகள் சொன்ன கதை. பிரெஞ்சுக்காரனின் கரும்புத் தோட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். செத்தால்தான் விடுதலை என்று இருந்தவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. செத்த பிறகும் ஒரு மந்திரவாதி எழுப்பி வேலை வாங்கிவிட்டால்? பேச்சு இல்லை, ஞாபகம் இல்லை, கூலி இல்லை, ஓயாத வேலை. ஜாம்பி அதுதான். அவன் யாரையும் கடிக்க மாட்டான். அவனைப் பார்த்துப் பயப்படவில்லை, அவனாக ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். 1791-ல் அதே அடிமைகள் எழுந்தார்கள், 1804 ஜனவரி 1-ல் ஹைத்தியைச் சுதந்திர நாடாக்கினார்கள்.

1915-லிருந்து 1934 வரை அமெரிக்கப் படை ஹைத்தியைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் சீப்ரூக் என்ற வெள்ளைக்காரர் 1929-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை அமெரிக்காவுக்குப் போனது, 1932-ல் சினிமா ஆனது. நாளாக ஆக, அடிமையின் பயம் எஜமானின் பயமாகத் தலைகீழாகிவிட்டது. இப்போது ஜாம்பி என்றால் கூட்டம் கூட்டமாக வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன், நம்மைத் தின்ன வருகிறவன், சுட்டுத் தள்ள வேண்டியவன். கூலி இல்லாமல் உழைத்துச் செத்தவனே பூதமானான்.

ஜார்ஜ் ரொமேரோவுக்கு இது கொஞ்சம் தெரிந்திருக்கிறது. 1968-ல் வந்த அவருடைய படத்தில் நாயகன் கறுப்பர், டுவான் ஜோன்ஸ் நடித்தது. அங்கேயும் ஒரு வெள்ளைக் குடும்பத் தலைவன் அவரை வெளியே விட்டுக் கதவைத் திறக்க மறுக்கிறான். ராத்திரி முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பிய அந்த மனிதனைக் காலையில் துப்பாக்கியோடு வந்த வெள்ளைக் கூட்டம் ஜாம்பி என்று சுட்டுவிடுகிறது. கொக்கியில் மாட்டி நெருப்பில் போடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே வருஷம்.

நம் தமிழுக்கும் 2016-லேயே ஒரு ஜாம்பி படம் வந்தது, 'மிருதன்'. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம், ஜெயம் ரவி நடிப்பு. ஊட்டியில் நடக்கிற கதை. நாயகன் போலீஸ்காரர். கூட்டமாக வருகிறவர்களைச் சுடுகிறார், நாமும் விசில் அடிக்கிறோம். தேயிலை மலையும் போலீசும் கூட்டமும் என்றால் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. கூட்டமாக வருகிறவன் மனுசன் இல்லை என்று நம் கண்ணைப் பழக்குகிற சினிமா, வெறும் பொழுதுபோக்கு இல்லை.

யோன் சாங்-ஹோவுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அதே 2016-ல் 'சியோல் ஸ்டேஷன்' என்று ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார். அதில் தொற்று தொடங்குவதே தெருவில் கிடக்கிற ஒரு கிழவரிடமிருந்துதான். ரத்தம் வடிய நடந்து வருகிறார். உதவப் போன ஒரு இளைஞன், நாற்றம் அடித்ததும் இது தெருவில் கிடக்கிற ஆள் என்று திரும்பி வந்துவிடுகிறான். தொடாமல் போனதால் வந்த வினை என்று அவரே சொல்லிவிட்டார். உலகம் முழுக்க ஓடியது அந்தப் படமா? இல்லை. அப்பா மகளுக்காகச் சாகிற படம்தான் ஓடியது. நம் கூட்டத்திலும் அதற்குத்தான் கைதட்டு.

இவ்வளவு எழுதிவிட்டு, பையன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. நாம எந்தப் பொட்டி? கதவுக்கு வெளியே, கக்கூஸ் பக்கத்தில், வேறெங்கே என்று சொல்லிவிட வாய் வருகிறது. ஆனால் அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று என்று மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எங்கள் காலனி ஆள் ஒருவர், பெண்டாட்டி பிள்ளையோடு, பாதி வழி லாரியிலும் பாதி வழி நடையுமாக ஊருக்கு வந்தார். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் தங்கள் தெருவுக்குள் நாங்கள் நுழையாதபடி வழியை அடைத்திருந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் தினமும் கொதித்துப் பேசினோம். அந்த ஆள் வந்த அன்று, காலனி முனையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டது எங்கள் பையன்கள். "கோயம்பேட்டுல இருந்து வர்றவன உள்ள விட்டா காலனியே போய்டும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். பதினாலு நாள் அவர்கள் ஏரிக்கரையில் கிடந்தார்கள். கரையோரம் குடிசை போட்டிருக்கிற இருளர் குடும்பம்தான் தண்ணீர் கொடுத்தது, குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தது. அந்த இருளர்களை நாங்கள் எங்கள் திருவிழாப் பந்தலில் உட்கார விட்டவர்கள் இல்லை. அந்த ஆளுக்கு நோயே வரவில்லை. இன்று வரைக்கும் என்னோடு அவர் பேசுவதில்லை. என் முகத்தைப் பார்த்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்.

முள் வெட்டிய நான் சுயநலவாதியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, காலனியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். 15-ஆம் பெட்டிக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அம்பேத்கர் இதற்குத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்று பேர் வைத்தார். மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன் என்ற இரண்டு தட்டு இல்லை இது. வரிசையாகக் கோத்த பெட்டிகள். நமக்கு முன்னால் ஒரு கதவு சாத்தியிருக்கிறது, நமக்குப் பின்னால் சாத்த ஒரு கதவை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். முன் கதவைப் பார்த்துக் கத்துகிற நாமே பின் கதவைக் கட்டுகிறோம். பறையர், பள்ளர், அருந்ததியர், இருளர், வடநாட்டிலிருந்து வந்து நம் மாவட்டத்துச் சூளையில் செங்கல் அறுக்கிறவன் என்று கதவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ரயில் ஓடுவதே இந்தக் கொக்கிகளால்தான். இதைச் சொன்னால் ஒற்றுமை கெடும் என்று நம் இயக்கத் தோழர்கள் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். மூடி வைத்து வளர்க்கிற ஒற்றுமை எனக்கு வேண்டாம்.

படத்தில் கதவு ஒருமுறை திறக்கிறது. செத்துப்போன கிழவியின் உடன்பிறந்தவள் 15-ஆம் பெட்டிக்குள் இருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிணமாக நிற்கிற தன் ரத்தத்தைப் பார்க்கிறாள், உள்ளே இருக்கிற யோக்கியர்களைப் பார்க்கிறாள், எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். மொத்தப் பெட்டியும் காலி. பையன் விசில் அடித்தான். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. எத்தனை ராத்திரி நாமும் அப்படி ஒரு கதவைத் திறந்துவிடக் கனவு கண்டிருக்கிறோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவளும் சாகிறாள். தன்னைக் கொடுத்துக் காப்பாற்று, இல்லாவிட்டால் தன்னோடு எல்லோரையும் அழி. கீழே இருக்கிறவர்களுக்கு அந்தப் படம் வைத்திருக்கிற வழி இரண்டே இரண்டு. இரண்டும் சாவு.

மூன்றாவது வழி ஒன்று 1927 மார்ச் 20-ல் மகாட்டில் நடந்தது. நகராட்சி தீர்மானம் போட்டும் திறக்காத சவுதார் குளத்துக்கு அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான ஜனங்களும் நடந்து போனார்கள். யாருக்காகவும் சாகப் போகவில்லை, யாரையும் கொல்லப் போகவில்லை. குனிந்து தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதற்கே மண்டை உடைந்தது. அப்புறம் சாதி இந்துக்கள் குளத்தில் சாணியும் மூத்திரமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். மனுசன் தொட்டது தீட்டு, மாட்டு மூத்திரம் சுத்தம். இப்போது சொல்லுங்கள், யாருக்குத் தொற்று?

அந்தத் தண்ணீரைக் குடித்ததைத்தான் நான் வீரம் என்கிறேன். உயிரோடு இருப்பதற்கான வீரம். ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்த பெண்களுடையதும் அதுதான். சம்பளத்தோடு, பேரோடு, பிள்ளை குட்டியோடு வாழ்வோம் என்று உட்கார்ந்தார்கள். இதைப் படமாக எடுங்கள், கதையாக எழுதுங்கள். எழுத வருகிற மாணவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே இருந்து கதவைப் பார்த்து எழுதிய கதைகள் போதும். இடைவழியிலிருந்து எழுதுங்கள். அப்படி எழுதும்போது நம் கையில் இருக்கிற முள்ளையும் சேர்த்து எழுதுங்கள்.

ஹைத்திக் கதையில் இன்னொன்று உண்டு. ஜாம்பிக்கு உப்புப் போட்ட சோறு கொடுக்கக் கூடாதாம். நாக்கில் உப்புப் பட்டுவிட்டால் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும், தான் யார் என்று தெரிந்துவிடும், அப்புறம் எஜமானன் தோட்டத்தில் ஒரு நிமிடம் நிற்க மாட்டான். நம்மிடம் என்ன சொல்லி வளர்த்தார்கள்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று. யார் இட்ட உப்பு அது? உப்பளத்தில் கால் வெந்து அள்ளியவன் யார்? எங்கள் ஆயா வேறு மாதிரி கேட்பாள். எவனாவது அடித்தான், ஏசினான் என்று அழுதுகொண்டு போனால், "நீ உப்புப் போட்டுத்தானே சோறு துன்ற?" என்பாள். 

அன்று ராத்திரி கரண்டு வந்ததும் பையன் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குப் போனான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. இதை எழுதி முடித்த பிறகு சொன்னேன்: "டேய், நம்ம ரெண்டு பக்கமும் கதவு இருக்குது. முன்னால இருக்கிறத ஒடைக்கணும். பின்னால இருக்கிறத நாமே தொறக்கணும்."

அவன் தறியை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே கத்தினான்: "மொதல்ல அந்தக் கோயம்பேட்டு மாமா வூட்டுக்குப் போய்ட்டு வா."

நாளைக் காலையில் போகிறேன்.